கல்லு பதித்த சின்ன ஃபேன்

கொம்பியூட்டர் திருத்துகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் எறிய மாட்டார்கள். செத்துப்போன மதர்போட், பல் போன கீபோட், ஆரோ கொண்டுவந்து தந்துவிட்டு மறந்தே போன மொனிட்டர், எல்லாம் 'எதற்கும் கிடக்கட்டும்' என்ற ஒரே நியாயத்தில் கடைக்குள் கிடக்கும். ஏறாவூர்ச் சந்தைக்குப் பின்னால் இருந்த ஹில்மியின் கடையும் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், நோன்புக்கு முன்னமிருந்து அந்தச் சாமான்களோடு ஹில்மியும் கிடந்தான். கடையின் பின்பக்கத்தில் ஒரு பாய், ஒரு தலையணை, கொடியில் இரண்டு சாரன். அவனையும் ஆரோ திருத்தக் கொடுத்துவிட்டு எடுக்க வர மறந்துவிட்டார்கள் போலத்தான் இருந்தது.

இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே வீடு பெண்பிள்ளைக்கு. மகள் பிறந்த அன்றைக்கே தகப்பனுக்குக் கல்லும் மண்ணும் கனவில் வரத் தொடங்கிவிடும். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து சேருவான். ஹில்மியும் ஓட்டமாவடியிலிருந்து அப்படி வந்தவன்தான். அவன் பிறந்து வளர்ந்த வீடு தங்கச்சிக்குப் போயிற்று. அவன் வந்து சேர்ந்த வீடு, ஆற்றங்கரைப் பக்கம் மாமா முத்தலிப் தன் மூத்த மகள் பஹீமாவுக்குக் கட்டிக் கொடுத்த இரண்டு அறை வீடு. வாவியை அங்கே எல்லாரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். பஹீமா இருந்தவரை அவன் அந்த வீட்டின் தலைவன், வாசல் கதவின் திறப்பும் அவன் இடுப்பில்தான் தொங்கியது. அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, போன வருசம் அவள் மவுத்தானதும், அந்த வீட்டில் தான் ஆர் என்று அவனுக்கே விளங்காமல் போயிற்று.

இளையவள் ஹஸீனாவுக்கென்று மாமா அத்திவாரம் போட்ட வீடு இடுப்பளவு சுவரோடு நின்றுவிட்டது. மிச்சக் காசையெல்லாம் பஹீமாவின் சிறுநீரக வருத்தம் தின்றுவிட்டது. மாமியும் இல்லை, அவர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே ஹஸீனாவுக்குக் கலியாணம் பேசி வந்தபோது, இருந்தது அந்த ஒரே வீடுதான்.

மாப்பிள்ளை ஷாமில். கட்டாரில் ஏசி பூட்டும் வேலை பார்த்துவிட்டு வந்தவன், நல்ல பிள்ளை. பேச்சு நடந்த பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய மனதிலும் ஒரு கேள்விதான். ஒருத்தருக்கும் அதைக் கேட்க வாய் வரவில்லை. இரண்டு அறைக்குள் புது மாப்பிள்ளையும், பெண்சாதியைப் பறிகொடுத்த பழைய மாப்பிள்ளையும் எப்படி? அந்த மௌனம் தாங்காமல் ஹில்மிதான் வாயைத் திறந்தான்.

"எனக்கென்ன மாமா, நான் கடையோட இருந்துக்குவன்."

அது ஒரு மரியாதைப் பேச்சு. பசியோடு வந்தவனும் 'சாப்பிட்டுத்தான் வாறன்' என்று சொல்கிற ஊர் இது. வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்து உட்கார்த்த வேண்டும், அதற்குப் பிறகு சாப்பிடலாம். ஹில்மியும் அந்தக் கணக்கில்தான் சொன்னான். மாமா 'என்ன பேச்சு மகன் இது, முன்னுக்கு ஒரு அறை இறக்கினாப் போச்சு' என்பார் என்று எதிர்பார்த்தான். மாமா பாயின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஹஸீனா தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, விளங்கின ஆள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவனைப் புகழ்ந்தார். அத்தோடு அந்தக் காரியம் முடிந்தது.

தன் வாயை ஹில்மி எத்தனையோ தரம் திட்டிக்கொண்டான். ஆனால் திட்டி முடிந்ததும் ஒன்று உறைக்கும். அவன் சொல்லாவிட்டால் அவர்கள் சொல்லியிருப்பார்கள். அது இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

மகள் முப்லிஹாவை மட்டும் அவன் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை. கடைக்குப் பின்னால் பாயில் பெண்பிள்ளையை வளர்ப்பதா? வாடகைக்கு வீடு எடுக்கலாம் என்று பார்த்தால், பொம்பிளை இல்லாத வீட்டில் பெண்பிள்ளையை ஆர் பார்ப்பது என்று கேட்டார்கள். கேட்டதில் பிழையும் இல்லை. அதைவிடப் பெரிய விசயம், அந்த ஆற்றங்கரை வீடு நாளைக்கு முப்லிஹாவுக்குத்தான் என்று மாமா எல்லாருக்கும் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தார். ஹஸீனாவும் ஷாமிலும் தங்கள் வீட்டுச் சுவரை எழுப்பிக்கொண்டு போகும்வரைதான் அங்கே. வீட்டுக்கு உரியவள் வீட்டில்தான் வளர வேண்டும். ஒரு தகப்பன் மகளுக்குக் கொடுக்க வேண்டியது வீடு. அதை ஹில்மியால் கொடுக்க முடியாது. அவளை அங்கே விட்டுவிட்டு வருவதன் மூலம்தான் அவனால் அதைக் கொடுக்க முடிந்தது.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து பகல் சாப்பாட்டுக்கு அங்கே போவான். சாப்பிட்டு, மகளோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அஸர் தொழுகைக்கு முன்னம் கிளம்புவான். வாசல் கடப்படி வரைக்கும் முப்லிஹா வருவாள். அவன் செருப்பை மாட்டும்போது ஒவ்வொரு தரமும் அதே கேள்வியைக் கேட்பாள்.

"வாப்பா, எப்ப நம்மட வீட்ட வந்து இரிப்பீங்க?"

"இன்ஷா அல்லாஹ், கெதியா," என்பான்.

பொய்தான். எப்படி வந்து இருப்பான் என்று அவனுக்கே தெரியாது. ஆனாலும் அந்தக் கேள்விக்காகவே அவன் வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்திருந்தான் என்பதுதான் உண்மை. உலகத்தில் அவன் வீட்டுக்கு வரவில்லையே என்று நினைக்க ஒரு ஆள் இருந்தது. ஒரு மனிசனுக்கு வீடு என்றால் அவ்வளவுதானே. சுவரும் ஓடும் பிறகு வாற விசயம்.

ஹஸீனாவின் கலியாணம் பெருநாளுக்குப் பிறகு நடந்தது. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஹில்மி சாப்பிட உட்கார்ந்தபோது, பூப்போட்ட கண்ணாடிப் பீங்கானில் சோறு வந்தது. பஹீமா அலுமாரியின் மேல்தட்டில் விருந்தாளிகளுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த பீங்கான் அது. மாமாவுக்கும் ஷாமிலுக்கும் வழமையான பீங்கான். ஹஸீனா அதை மரியாதைக்குத்தான் செய்தாள், நெஞ்சில் ஒரு கரவும் இல்லாத பெண் அவள். "மச்சான், இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்று இரண்டு தரம் கேட்டாள். பாதிச் சோற்றோடு அவன் எழுந்து கையைக் கழுவினான்.

அன்றைக்குத்தான் முப்லிஹா தன் புது அறையைக் காட்டினாள். பெரிய அறை சாச்சி ஹஸீனாவுக்கும் சாச்சா ஷாமிலுக்கும் போய்விட்டது. மாமா விறாந்தையில் படுக்கிறார். முப்லிஹாவுக்குப் பக்கத்துச் சின்ன அறை. அது முன்பு பஹீமா ஹபாயா தைக்கிற அறையாக இருந்தது. யன்னல் மேற்கே பார்த்திருந்தது. கச்சான் என்கிற மேல்காற்று தொடங்கினால் ஆற்றுக்கு மேலால் அனல் அப்படியே உள்ளே வரும். அந்த அறையில் மேலே ஃபேன் இல்லை.

"படிக்கக்குள்ள கொப்பியெல்லாம் நனையுது வாப்பா," என்று வியர்த்த கையைக் காட்டினாள்.

கடையில் ஒரு மேசை ஃபேன் வாங்கிக் கொடுத்திருக்கலாம். அது ஷாமிலும் செய்வான். ஹில்மிக்கு அந்த வீட்டுக்குள் தன் கையால் ஆன ஒன்று இருக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. ஆசை என்று சொல்வது கூடச் சரியில்லை, அது ஒரு வெறி.

எதையும் எறியாத வியாதி அன்றைக்குத்தான் உதவிற்று. மேசை லாச்சிக்குள் ஒரு கேசிங் ஃபேன் கிடந்தது. அவர்களுடைய வீட்டுக் கொம்பியூட்டரின் ஃபேன். வெள்ளம் வந்த வருசம் அந்தக் கொம்பியூட்டர் தண்ணிக்குள் போயிற்று, மேலே இருந்த ஃபேன் மட்டும் தப்பிற்று. அதை அப்போதே கழற்றிப் போட்டிருந்தான். ஏழு இதழ், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. தூசியைத் தட்டி, ஸ்டிக்கரை உரித்து, அச்சில் ஒரு சொட்டு தையல் மெசின் எண்ணெய் விட்டான். விரலால் ஒரு தட்டுத் தட்ட, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரிச் சுற்றிற்று.

சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்று மூன்று வயர். மஞ்சள் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று கொம்பியூட்டருக்குச் சொல்வது. மேசை ஃபேன் ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, அதை வெட்டிவிட்டான். மற்ற இரண்டையும் பழைய ரவுட்டர் ஒன்றின் அடப்டரில் பொருத்தினான். முழு வேகத்தில் ஓடவிட்டால் கொப்பித் தாள் பறந்தது, சத்தமும் கூட. வேறு அடப்டர் தேடி, கொஞ்சம் குறைந்த வலுவில் ஓடவிட்டான். காற்று முகத்துக்கு இதமாக வந்தது.

காலுக்கு ஒரு பெரிய சிரட்டையை எடுத்தான். கண்ணாடித் துண்டால் சுரண்டி, தேங்காயெண்ணெய் பூசித் தேய்க்கத் தேய்க்க அது கறுப்பாக மின்னியது. விழாமல் நிற்பதற்கு உள்ளே சீமெந்து குழைத்து ஊற்றினான். பக்கத்தில் துளைத்து ஒரு சின்ன சுவிச் வைத்தான். பிள்ளையின் விரல் போய்விடும் என்ற பயத்தில் முன்னும் பின்னும் கம்பி வளைத்து வலை போட்டான். கம்பி நுனி ஒவ்வொன்றையும் அரத்தால் தேய்த்து, தன் கன்னத்தில் உரசிப் பார்த்தான்.

பிறகு கல்லு. வீட்டை விட்டு வரும்போது உடுப்பைத் தவிர அவன் எடுத்து வந்தது பஹீமாவின் பிஸ்கட் தகரம் ஒன்றுதான். அதற்குள் அவள் ஹபாயாக்களின் கைவிளிம்பில் ஒட்டுகிற பளபளப்புக் கல்லுகள். முதலில் இதழ்களில் ஒட்டினான். ஓடவிட்டால் ஃபேன் உதறியது. இதழுக்கு இதழ் எடை ஒரு மயிரிழை பிசகினாலும் அது பொறுக்காது. எல்லாவற்றையும் உரித்து எடுத்து, சட்டத்தைச் சுற்றி ஒட்டினான். பஹீமா ஹபாயாவில் வளைத்து வளைத்து வைக்கும் பூங்கொடியைப் போலவே வைக்கப் பார்த்தான். அவள் கை அவனுக்கு வரவில்லை. கோணல் மாணலாக வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்துத் தளபாடக் கடைக்காரன் றவூப் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

ஃபேனைக் கொண்டுபோய் மேசையில் வைத்த வெள்ளிக்கிழமையைப் போல ஒரு நாள் ஹில்மிக்கு அதற்கு முன்னம் நெடுநாளாக வரவில்லை. முப்லிஹா சுவிச்சைப் போடுவதும் நிற்பாட்டுவதுமாக இருந்தாள். கல்லில் யன்னல் வெளிச்சம் பட்டுச் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக விழுந்தது. "உம்மாட கல்லு," என்று அவளே கண்டுபிடித்தாள். மாமா வந்து பார்த்துவிட்டு அவன் தோளைத் தொட்டார். ஷாமில் குனிந்து வயரைப் பார்த்து, வேலை சுத்தம் என்று மனந்திறந்து சொன்னான். கடப்படியில் அவள் கேள்வியைக் கேட்டாள். அன்றைக்கு ஹில்மியின் 'கெதியா' கொஞ்சம் துணிச்சலாகவே வந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டுக்குப் போகும்போது இந்த ஃபேனையும் கொண்டு போவோம், அதுவரைக்கும் இதை நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தான்.

றவூப் ஒரு கலியாணப் பேச்சுக் கொண்டுவந்தது அந்தக் கிழமைதான். காத்தான்குடியில் ஒரு பெண், புருசன் இல்லை, பிள்ளையும் இல்லை, வளவோடு நல்ல வீடு இருக்கிறது. ஹில்மி சிரித்தான். ஆணாகப் பிறந்தவன் உம்மாவின் வீட்டிலிருந்து பெண்சாதியின் வீட்டுக்கு, அங்கிருந்து இன்னொரு பெண்சாதியின் வீட்டுக்கு. அந்த வீட்டில் முப்லிஹா ஆர்? வந்தேறி. றவூப் விடவில்லை. இப்படியே தகரக் கூரைக்குக் கீழே அவிந்து சாகப்போகிறாயா என்று கேட்டான்.

"என்ட புள்ள ஒவ்வொரு கிழமையும் கேக்கிறா, றவூப், எப்ப வந்து இரிப்பீங்க எண்டு," என்றான் ஹில்மி. "அவ கேக்கிற வரைக்கும் நான் வேற வீட்டுக்குப் போக ஏலா."

றவூப் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கச்சான் அந்த வருசம் பேயாக வீசிற்று. ஆற்றில் தண்ணி வற்றிக் கரைச் சேறு வெடித்தது. கடையின் தகரம் பகல் முழுக்கக் காய்ந்து பின்னேரத்தில் மனிசனை வேகவைத்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஹஸீனா முப்லிஹாவைக் கடைக்குக் கூட்டிவந்தாள். அதுவரைக்கும் முப்லிஹா கடையின் பின்பக்கத்தைப் பார்த்ததில்லை. பாயையும் கொடியில் தொங்கிய சாரனையும் பார்த்தாள். தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தாள். வாப்பா எங்கே படுக்கிறீங்கள், வெக்கை இல்லையா என்று கேட்டாள். பழகிப் போச்சு மகள் என்றான். அவள் கூரையைத் திரும்பவும் பார்த்தாள். போகும்போது அவன் முதுகில் ஒட்டியிருந்த நனைந்த சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனபோது கடப்படிக்குக் கேட்கும்படியாக அவள் சிரிப்புச் சத்தம் வந்தது. சின்ன அறைக்குள் புது ஃபேன். மேலே, சீலிங்கில். ஷாமில் ஏணியில் நின்று கடைசி ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தான், அவள் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஷாமில் கூச்சத்தோடு இறங்கி வந்தான். பிள்ளை இரவில் வெக்கையில் முழிச்சுப் போகிறா காக்கா, அதுதான், என்று அண்ணனிடம் சொல்வதுபோலச் சொன்னான். அவனைக் கோபிக்க ஹில்மிக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஒரு கெட்டவன் இருந்திருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்தான். பூப்போட்ட பீங்கானில் சாப்பிட்டான்.

மேசையில் அவன் செய்த ஃபேன் இருக்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

கிளம்பும் நேரம் கடப்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். மாட்டிய செருப்பைக் கழற்றி, இல்லாத கல்லைத் தட்டி, திரும்ப மாட்டினான். முப்லிஹா உள்ளே ஓடிப் போய் ஒரு பையோடு வந்தாள். அதற்குள் அவளுடைய பழைய தலையணை உறையில் சுற்றி, அந்த ஃபேன்.

"பழுதாப் போச்சா மகள்?" என்று கேட்டான். ஓம் என்று அவள் சொல்லிவிட மாட்டாளா என்று அவள் வாயையே பார்த்தான்.

"இல்ல வாப்பா, நல்லா ஓடுது. உங்கட கடையில சரியான வெக்கைதானே. நீங்க அங்கதானே இரிக்கிற. எனக்கு சாச்சா பூட்டித் தந்திட்டார்."

"இது உனக்குச் செஞ்சது."

"எனக்கு வேணாம் எண்டு இல்ல," என்று அவள் பதறினாள். "நீங்க பாவம் வாப்பா."

அவன் பையை வாங்கிக்கொண்டான். வாங்காமல் என்ன செய்வான், பிள்ளை தன் உயிரையே தருவதுபோலத் தந்துகொண்டு நின்றாள். கேள்விக்காகக் காத்து நின்றான். வெயில் தலையில் அடித்தது. எதிர் வீட்டில் ஆரோ தண்ணி இறைத்துக்கொண்டிருந்தார்கள். கேள்வி வரவில்லை. சோற்றுக்கு வந்தவரை வழியனுப்புகிற பிள்ளையாக அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, பார்த்துப் போங்க வாப்பா, என்றாள். உள்ளே ஷாமில் ஃபேனைப் போட்டுக் காட்டக் கூப்பிட்டான். ஓடிவிட்டாள்.

அவளுக்கு அவன் மேல் பாசம் குறையவில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். கூடியிருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வாப்பா இருக்கும் இடம் கடை என்று அவள் மனதுக்குள் முடிவாகிவிட்டது. அந்த இடத்தில் வாப்பாவுக்கு வியர்க்கக் கூடாது என்பதுதான் இனி அவளுடைய கவலை.

கடையைத் திறக்கும்போது றவூப் பையைப் பார்த்து, என்ன, ஃபேன் திரும்ப வந்திருக்கு, பழுதா என்று கேட்டான். ஓம், ஒரு சின்னப் பழுது, திருத்திக் கொடுக்க வேணும் என்றான் ஹில்மி.

மேசையில் வைத்து உறையைப் பிரித்தான். இதழ்களில் ஒரு தூசி இல்லை. ஈரத் துணியால் துடைத்திருந்தாள். வயரை அழகாகச் சுற்றித் தன் தலைமுடி ரப்பரைப் போட்டுக் கட்டியிருந்தாள். விழுந்துபோன கல்லொன்றைப் பள்ளிக்கூடத்துப் பசையால் அதே இடத்தில் ஒட்டியிருந்தாள்.

சுவிச்சைப் போட்டான். ஓடிற்று. நிற்பாட்டி, வலையைக் கழற்றினான். அச்சை ஆட்டிப் பார்த்தான், ஆட்டம் இல்லை. மீட்டரை எடுத்து வயர் வயராக வைத்துப் பார்த்தான். ஈயம் வைத்த இடங்களை நகத்தால் நெம்பிப் பார்த்தான். திரும்ப ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டான். ஏதாவது ஒன்று, ஒரு சின்னச் சத்தம், ஒரு தளர்ந்த வயர் இருந்தால் போதும், திருத்திவிட்டேன் மகள் என்று அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டுபோய் அந்த மேசையில் வைத்துவிடலாம். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தான். எத்தனையோ பேரின் பழுதைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்தவன்.

ஒரு பழுதும் இல்லை. ஃபேன் அவன் முகத்துக்கு நேரே சுற்றிக்கொண்டிருந்தது. நல்ல காற்று வந்தது.